தெரியுமா? அரைக் கிலோவுக்குள் ஓர் அகராதி, ஓர் ஆசிரியர், ஆயிரம் அட்டைகள்!

டோக்கியோவில் கொமோரி என்ற அச்சு இயந்திரக் கம்பெனி பிறந்த ஆண்டு 1923. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். இவர்களை அவர்களுக்குத் தெரியாது, அவர்களை இவர்களுக்குத் தெரியாது. இன்றைக்குச் சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் கொமோரியும் ஓடுகிறது, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கும் ஓடுகிறது! ‘குட்டி ஜப்பான்’ என்று பெயர் வாங்கிய ஊர் சும்மா இருக்குமா? வடநாட்டு வியாபாரியிடம் ஆர்டர் பேச இந்தி வேண்டும். நாலு வருடத்துக்கு ஒரு முறை ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் நடக்கும் ‘ட்ரூபா’ அச்சுக் கண்காட்சிக்குப் போகிறவருக்கு நாலு வார்த்தை ஜெர்மன் தெரிந்தால் காரியம் சுலபம். பட்டாசில் நமக்குப் பெரிய போட்டி சீனாவின் லியுயாங்; அந்தப் பக்கம் போனால் சீனம். பிள்ளைகளுக்கோ ஜப்பான் கனவு.

ஆக, பயணத்துக்கும் ஆச்சு, பாஷை படிக்கவும் ஆச்சு என்று ஒரு டேப்லெட் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். கடைப் பையன் ராம், கேமரா, பிராசஸர் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். மொழி படிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் ரெண்டே ரெண்டு. கையில் எவ்வளவு கனக்கும்? சிக்னல் இல்லாத இடத்தில் என்னென்ன வேலை செய்யும்? இந்த ரெண்டையும் பிடித்துக்கொண்டு போனால் எத்தனை அதிசயம் கிடைக்கிறது பாருங்கள்!

‘குழந்தைகள் தூக்கிக்கொண்டு திரியக்கூடிய கணினி’ என்ற யோசனை 1968-லேயே ஒருவருக்கு வந்துவிட்டது தெரியுமா? அமெரிக்காவின் ஆலன் கே. ‘டைனாபுக்’ என்று பெயர் வைத்தார், அட்டையில் மாதிரியும் செய்து பார்த்தார். 1972-ல் எழுதிய கட்டுரையில் அதன் எடை நாலு பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்றார். நம் கணக்கில் சுமார் 1.8 கிலோ! அன்றைக்கு அதுவே பகல் கனவு. 2010-ல் வந்த முதல் ஐபேடின் எடை 680 கிராம். இப்போதைய ஐபேட் மினி 293 கிராம். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 சுமார் 332 கிராம், அதன் அண்ணன் ஏ9 பிளஸ் 480 கிராம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ டப்பாவைக் கையில் பிடித்திருப்பீர்களே, பதினொரு அங்குல டேப்லெட் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதையே பொதிகை எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த்தில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விருதுநகர் வருவதற்குள் மணிக்கட்டு கெஞ்சும், கண் சொக்கினால் மூக்கில் விழும். முந்நூறு கிராமும் ஐந்நூறு கிராமும் கடைக் கவுண்டரில் ஒன்று போலத்தான் தெரியும். அரை மணி நேரம் பிடித்தால்தான் வித்தியாசம் புரியும். இதில் இன்னொரு வேடிக்கை: 2020-ல் ஆப்பிள் தன் பெரிய ஐபேடுக்கு ஒரு மேஜிக் கீபோர்டு விட்டது. டேப்லெட்டை விடக் கீபோர்டு கனம்! ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் எடையை நம்பாதீர்கள். நீங்கள் போடப்போகும் உறையோடு சேர்த்து எடை போடச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அடுத்தது அளவு. இதில் சிவகாசிக்காரர் மற்ற ஊர்க்காரரை விட ஒரு படி மேல்! டேப்லெட்டின் எட்டு அங்குலம், பதினொரு அங்குலம் என்பதெல்லாம் திரையின் மூலைக்கு மூலை அளவு. அந்தக் கணக்கில் ஏ4 தாள் எவ்வளவு தெரியுமா? 14.3 அங்குலம்! ஏ4-ல் செய்த பாடப் புத்தக பிடிஎஃப்பை எட்டு அங்குலத் திரையில் திறந்தால் எழுத்து பாதி சொச்சமாகச் சுருங்கிவிடும். சீன எழுத்தின் கோடுகளை எண்ணவே முடியாது. சரி, எதுதான் பொருந்தும்? தமிழ்ப் புத்தகங்களுக்கு நம் அச்சகங்களில் வழக்கமாக வெட்டுகிற டெமி எட்டில் ஒன்று அளவை மூலைக்கு மூலை அளந்தால் பத்து அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும். பழைய கிரவுன் எட்டில் ஒன்று, எட்டரை அங்குலத்துக்கு அக்கம்பக்கம். அதாவது பதினொரு அங்குல டேப்லெட் என்பது டெமி புத்தகம், எட்டு அங்குலம் என்பது கிரவுன் புத்தகம்! கட்டிங் மெஷினில் நிற்கும் அண்ணாச்சிக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்க வேண்டாம். பாடப் புத்தகத்தை வைத்துப் படிக்கிறவர் டெமி பக்கம் போகலாம். அகராதி, அட்டை, பாட்காஸ்ட் என்று படிக்கிறவருக்குக் கிரவுனே போதும். பயணம்தான் முக்கியம் என்றால் நான் கிரவுன் கட்சி.

வெயில்! இந்தச் சீமைக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் வந்து ஒட்டிக்கொண்டதே காய்ந்த வெயிலால்தான். ஆனால் ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வேலை வெப்பநிலை எவ்வளவு தெரியுமா? 0-விலிருந்து 35 டிகிரி வரை. சித்திரையில் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்! கண்ணாடி ஏற்றிய காருக்குள் விட்டுப் போனால் ‘ஆறட்டும், அப்புறம் வா’ என்று ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டு வேலைநிறுத்தம் செய்துவிடும். சூட்டோடு சூடாக சார்ஜும் போட்டால் பேட்டரியின் ஆயுள் தேயும். வெளிச்சத்துக்கும் இதே கதை: வெயிலில் மங்கலாகத் தெரிகிற திரையைக் கடைக்குள் இருக்கும் விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடியாது. வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.

பேட்டரி என்றதும் ஒரு ரகசியம். 2010-ல் முதல் ஐபேட் வந்தபோது ஆப்பிள் சொன்னது ‘பத்து மணி நேரம்’. ஒன்றரை டஜன் மாடல் தாண்டிய பிறகும் சொல்வது அதே பத்து மணி நேரம்! பேட்டரியை வளர்க்காமல் உடம்பை இளைக்க வைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐபேட் மினிக்குள் இருப்பது 19.3 வாட்-மணி. விமானத்தில் தாராளமாக அனுமதிக்கும் உச்சவரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் கூட 74 வாட்-மணிதான், கவலையில்லை. ஆனால் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. சீனாவுக்குள் உள்நாட்டு விமானம் ஏறுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: 2025 ஜூன் 28 முதல் ‘3சி’ என்ற சீனத் தரமுத்திரை இல்லாத பவர் பேங்கை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுகிறார்கள்.

பவர் பேங்க் போகட்டும், ‘சொந்தக்காரர்களுக்கு ரெண்டு பெட்டி வெடி’ என்று ரயிலில் பட்டாசு எடுத்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும்! இந்தப் பக்கம் பட்டாசு ஆலை ஷெட்டுக்குள் செல்போனையே விடுவதில்லை, டேப்லெட்டுக்கு அங்கே பேச்சே கிடையாது. படிப்பெல்லாம் கம்பெனி பஸ்ஸிலும் டீக்கடையிலும் வீட்டுத் திண்ணையிலும்தான்.

ஊர் தெரியாத ஊரில் வழி பார்க்க வாங்குகிறீர்களா? அப்படியென்றால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது! சிம் போடும் மாடலில் மட்டும்தான் உண்டு. பார்க்க ரெண்டும் இரட்டைப் பிள்ளைகள், விலையில்தான் வித்தியாசம் தெரியும். வைஃபை மாடலோடு டுசல்டார்ஃப் தெருவில் நின்றால் உங்கள் இருப்பிடத்தை அது யூகித்துத்தான் சொல்லும். இன்னொன்றைக் கேட்டால் சிரிப்பீர்கள். 2010-ல் வந்த ஐபேடுக்குக் கால்குலேட்டர் எப்போது வந்தது தெரியுமா? 2024-ல்! பதினாலு வருடம் கூட்டல் கழித்தலுக்கு வேறு கம்பெனி ஆப் தேட வேண்டியிருந்தது. ரேட் பேசப் போகிற சிவகாசி வியாபாரி இதைக் கேட்டிருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

சரி, தமிழ்? 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005-லேயே சிங்கப்பூரில் கைப்பேசிக்குள் தமிழைக் கொண்டு வந்தது, ஐபோனே பிறக்காத காலம்! ஐபேடிலும் ஐபோனிலும் தமிழ் விசைப்பலகை உள்ளுக்குள்ளேயே வந்தது 2013-ல். அதில் ‘தமிழ்99’ஐப் பழகாதவர்கள் ஒரு நல்ல விஷயத்தை இழக்கிறார்கள். உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. ‘அம்மா’ அடிக்க வேண்டுமா? அ, ம, ம, ஆ. நாலே தட்டு. நடுவில் வரும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்! அர்த்தத்தைத் தமிழில் குறித்துக்கொண்டு ஜெர்மன் படிக்கிறவருக்கு இது பெரிய மிச்சம்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்பீர்கள். 1,330 குறளையும் வெறும் எழுத்தாகச் சேமித்தால் எவ்வளவு ஆகும் தெரியுமா? ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் அரை எம்பி தாண்டாது! ஒரே ஒரு செல்ஃபி அதைப் போலப் பல மடங்கு தின்றுவிடும். ஆகவே எழுத்துக்கு இடம் பிரச்சினையே இல்லை. குரலுக்குத்தான் இடம் வேண்டும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் பாட ஒலி முப்பது எம்பிக்குள், நூறு மணி நேரம் மூன்று ஜிபிக்குள் அடங்கும். மொழிக்கு அது போதும். வீடியோவும் சினிமாவும் சேரும்போதுதான் 64 ஜிபி மூச்சுத் திணறுகிறது. 128-ஐ வாங்குங்கள். ஐபேடில் மெமரி கார்டு செருகும் வாசல் இன்றுவரை கிடையாது. ஏ9 பிளஸ் போன்றவற்றில் உண்டு, நமக்கு அது பெரிய சௌகரியம்.

இப்போது நிஜமான விஷயத்துக்கு வருவோம். ஜெர்மன்காரர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனை எலியாக்கி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் புத்தகம் போட்டார். படித்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் காலி! ஆனால் மறக்கப்போகிற சமயம் பார்த்து மறுபடி பார்த்தால் அடுத்த முறை மெதுவாகத்தான் மறக்கும். 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் இதற்கு ஒரு பெட்டி கண்டுபிடித்தார். சொல்லை ஓர் அட்டையில் எழுது. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகட்டும், அங்கே தாமதமாகத் திரும்பி வரும். தப்பினால் முதல் அறைக்கே வரட்டும். வழவழப்பான ஆர்ட் கார்டில் அச்சிட்டு, மூலை வட்டமாகப் பஞ்ச் அடித்து, ரப்பர் பேண்டு போட்ட கட்டுகளாக வெளியே போகும் அட்டைகளைச் சிவகாசியில் பார்க்காதவர் உண்டா? அ, ஆ சார்ட்டும் விலங்குப் பட அட்டையும் இங்கேயிருந்துதானே நாடெல்லாம் போகிறது!

அந்தப் பெட்டியின் கணக்கைக் கணினி பார்த்துக்கொண்டால்? 2006-ல் டேமியன் எல்ம்ஸ் என்ற ஆஸ்திரேலியர், தான் ஜப்பானிய மொழி படிக்கவென்றே எழுதிய மென்பொருள்தான் ‘ஆன்கி’. ஆண்ட்ராய்டில் ‘ஆன்கிடிராய்டு’ இலவசம். ஐபேடில் காசு! கணினியில் அட்டை தயாரித்து டேப்லெட்டுக்கு அனுப்பலாம், இணையமே இல்லாமல் ஓடும், பழைய டேப்லெட்டிலும் ஓடும். என்னைக் கேட்டால் புது மாடலுக்குப் பத்தாயிரம் கூடக் கொடுப்பதை விட, தினமும் இருபது அட்டை புரட்டுகிறவர்தான் முன்னால் போவார்.

பேனா வேண்டுமா? ஜெர்மனுக்கும் இந்திக்கும் விரலே போதும். ஜப்பானியத்துக்குப் பேனா வேண்டும், ஏனென்றால் பள்ளிப் படிப்பு முடிக்கும் ஜப்பானியப் பிள்ளை கற்றிருக்க வேண்டிய காஞ்சி எழுத்துகள் 2,136! எழுதிப் பார்க்காமல் அவை மண்டையில் நிற்காது. சாம்சங்கின் எஸ் பேனா எழுதுவதற்கு அதற்குள் பேட்டரியே வேண்டாம் தெரியுமா? திரையிலிருந்தே சக்தி வாங்கிக்கொள்ளும் நுட்பம், ஜப்பானின் வாகோம் கம்பெனியுடையது. டேப் எஸ்6 லைட் மாதிரியானவற்றில் பேனா பெட்டியோடு வரும். ஆப்பிள் பென்சிலுக்குத் தனியாக அழ வேண்டும். ‘உள்ளேயா, வெளியேயா’ என்று விலை கேட்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சீனாவுக்குப் போகிறவர்களே, இது உங்களுக்கு! கூகிள் டிரான்ஸ்லேட்டில் 2011 ஜூன் முதல் தமிழ் உண்டு, மொழிப் பொதிகளை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் பயன்படுத்தலாம். ஆனால் சீன மண்ணில் கூகிளே திறக்காது. 2022 அக்டோபரில் அங்கே கொஞ்சநஞ்சம் இருந்த டிரான்ஸ்லேட் சேவையையும் மூடிவிட்டார்கள். இறங்கியபின் இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் குவாங்சோ விமான நிலையத்தில் கையைப் பிசைய வேண்டியதுதான். மதுரையில் ஏறும் முன்பே பொதியை இறக்குங்கள், கூடவே ‘பிளெகோ’ அகராதியையும். விரலால் சீன எழுத்தை வரைந்தால் அர்த்தம் சொல்லும், சிக்னல் கேட்காது. இறக்கியதும் ஃபிளைட் மோடு போட்டு ஒரு முறை சோதித்துப் பாருங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம்.

படிக்க மட்டும் என்றால் டேப்லெட்டே வேண்டாம் என்றும் ஒரு கட்சி இருக்கிறது. 158 கிராம் கிண்டில்! படத்தைப் பிடித்து வைத்திருக்க அதன் மின்மைத் திரைக்கு மின்சாரமே தேவையில்லை, பக்கம் மாறும்போது மட்டும்தான் செலவு. அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. கண்ணைப் பறிக்கும் வெயிலில் காகிதம் போலவே தெரிகிறது. 2016 டிசம்பர் முதல் கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகமும் உண்டு. ஆனால் அதனோடு பேசிப் பழக முடியாது, ஆன்கியும் ஓடாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலிருந்து இறக்கிய கனமான ஸ்கேன் பிடிஎஃப்பைத் திறந்தால் திணறும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறீர்களா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் உருவாக்கிய ‘சிம்ப்யூட்டர்’ இந்திய மொழிகளை மனதில் வைத்தே பிறந்த கைக்கணினி. 2004-ல் ‘அமிடா’ என்று விற்பனைக்கு வந்தபோது, கையை ஒரு சுண்டு சுண்டினால் பக்கம் புரளும் வசதி அதில் இருந்தது. ஐபோனுக்கு மூன்று வருடம் முந்தி! 2011-ல் வந்த ‘ஆகாஷ்’ இன்னும் சுவாரசியம்: ஏழு அங்குலம், 350 கிராம், அரசு கொடுத்த விலை 2,276 ரூபாய். அழுத்தினால்தான் கேட்கும் திரை, சீக்கிரம் தீரும் பேட்டரி என்று கேலி பண்ணினார்கள், நியாயம்தான். ஆனால் அது டெல்லியில் வெளியான தேதி தெரியுமா? 2011 அக்டோபர் 5. அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்ததும் அதே தேதி! 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தபோது, எதைக் கேட்பது என்று வீட்டுக்கு வீடு பட்டிமன்றம். புரோகிராம் எழுதுகிறவருக்கு மடிக்கணினி சரி. மொழி படிக்கிறவருக்கு மடியை விடக் கைதான் சௌகரியம்.

கடைசியாக ஒன்று, இது ஜப்பான் கனவுப் பிள்ளைகளுக்கு. ஜெஎல்பிடி என்ற ஜப்பானியத் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலும் எழுதலாம். என்5-ல் தொடங்கி என்1 வரை ஐந்து படிகள். எண் குறையக் குறையக் கஷ்டம் கூடும்! டேப்லெட், பேனா, ஆன்கி, காஞ்சி என்று இத்தனையும் பழகிக்கொண்டு உள்ளே போனால் அங்கே டேப்லெட்டும் கூடாது, போனும் கூடாது, ஸ்மார்ட் வாட்சும் கூடாது. காகித விடைத்தாளில் வட்டத்தைக் கருப்படிக்க வேண்டும். கொண்டு போக வேண்டியது ஹால் டிக்கெட், அடையாள அட்டை, ஒரு ஹெச்பி பென்சில், ஒரு அழிரப்பர்!